கட்டையை அழுத்தினால்தான் ஆமென்

எங்கள் சபையில் ஜெபம் முடிவது போதகர் கையில் இல்லை, என் கையில் இருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் போதகருக்கு ஆமென் என்பது மூச்சு வாங்குகிற இடம். "இந்தத் தெருவை ஆசீர்வதியும், ஆமென், இதில் நோயாய்ப் படுத்திருப்பவர்களைத் தொடும், ஆமென்" என்று போய்க்கொண்டே இருப்பார். எது கடைசி ஆமென் என்று தெரியாமல் ஜனங்கள் பாதியில் கண்ணைத் திறப்பதும், ஐயோ இன்னும் முடியவில்லையே என்று மறுபடி மூடுவதுமாக ஒரே கூத்து. அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். ஜெபம் நிஜமாகவே முடிந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைப் பார்த்து நான் ஆர்கனில் ஒரு முழக்கம் கொடுப்பேன். அது கேட்டால்தான் கண்கள் திறக்கும். எல்லோரும் எழுந்து கடைசிப் பாட்டைப் பாடிக்கொண்டே வரிசையாக வெளியே போவார்கள். முன்னால் போதகர் நடப்பார்.

ஆக, ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க அனுமதி பெற்ற ஒரே ஆத்துமா நான்தான். மற்ற நாட்களில் கண்ணாடிக் கடையில் பிறர் கண்ணைச் சோதிப்பதும் நான்தான். யார் உருகி ஜெபிக்கிறார், யார் தூங்குகிறார், யார் பக்கத்துக்காரியின் புதுக் கைப்பையை ஒற்றைக் கண்ணால் அளக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். வெளியே மூச்சு விடமாட்டேன். சரி, என் தங்கையிடம் மட்டும் விடுவேன்.

அந்தத் தங்கையின் வீட்டுக்காரர்தான் எங்கள் போதகர். சபையில் அவரை நான் "பாஸ்டர்" என்பேன். கோபம் வந்தால் "மாப்பிள்ளை" என்பேன். சமீப காலமாக மாப்பிள்ளைதான் அதிகம்.

காரணம் ஒரு சாக்கடை. என் தங்கை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பள்ளி வாசலுக்கு நேர் முன்னால் சாக்கடை உடைந்து கிடக்கிறது. நாலு தூறல் போட்டால் போதும், வாசல் குளமாகிவிடும். பிள்ளைகளை ஒவ்வொருவராக இடுப்பில் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வருவாள் இவள். நகரசபைக்கு மனு கொடுத்தாள், மறுபடி கொடுத்தாள், போய் உட்கார்ந்து பார்த்தாள். எங்கள் வட்டத்து உறுப்பினர் சிமெண்ட் குழாய் வியாபாரி. ஊரே அவரைக் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிடும். குழாய் விற்பவருக்குக் குழாய் போட மனமில்லை, இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல! தேர்தல் அறிவித்த அன்று தங்கை வேனை நிறுத்திவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள். நானும் அப்போது அங்கேதான் இருந்தேன். போதகர் கொடியில் காய்ந்த அங்கியை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் எலெக்ஷன்ல நிக்கட்டுமா?" என்றாள்.

அவர் மடித்த அங்கியைப் பிரித்து மறுபடி மடித்தார். "ஜெபிக்கிறேன்" என்றார்.

"ஜெபிங்க. நிக்கட்டுமா, வேண்டாமா?"

"அரசியல்னா சேறும்மா. அதுல கால் வைக்கிறது நம்ம வேலையான்னு..."

"சேறு இப்ப பள்ளிக்கூட வாசல்ல இருக்கு. நான் தெனமும் கால் வச்சுட்டுதான் வரேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்பிள்ளை, வாயத் தொறந்து ஆமாம்னோ இல்லன்னோ ஒண்ணு சொல்லுங்களேன்!" என்றேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலில் நியாயம் இல்லாமல் இல்லை. "அக்கா, நம்ம சபைக்கு எல்லாக் கட்சிக்காரனும் வரான். கஷ்டம்னா வந்து அழறான். நான் ஒரு பக்கம் நின்னுட்டா, அந்தப் பக்கத்துக்காரன் எங்க போய் அழுவான்? பிரசங்க மேடையில நான் வாய் தொறக்க மாட்டேன்."

"மேடையில யாரு கேட்டா? இது சமையலறைங்க," என்றாள் தங்கை.

அவர் அங்கியை இன்னொரு தடவை பிரித்து மடித்தார். வாழ்நாளில் ஒருமுறைகூட ஓட்டுப் போடாத மனிதர். நம்முடைய ஊர் மேலே இருக்கிறது, இங்கே நாம் வழிப்போக்கர்கள் என்பது அவர் கட்சி. வழிப்போக்கனுக்கும் நடக்க வழி வேண்டாமா என்று நான் கேட்டால் புன்னகைப்பார். அந்தப் புன்னகைக்குத்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

தங்கை அன்று என்னை வாசல்வரை வழியனுப்பும்போது அழுதுவிட்டாள். "வேண்டாம்னு சொன்னாகூட சண்டை போட்டிருப்பேன்க்கா. ஜெபிக்கிறேன்னா யார்கூடச் சண்டை போடுறது? ஜெயிக்கிறது தோக்குறது ரெண்டாம்பட்சம். அவர் வாயால 'நில்லு'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேணும் எனக்கு."

அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவள் நின்றாள்.

எங்கள் சபைப் பெண்கள் பிரசாரத்துக்குப் போன அழகைச் சொல்லியே ஆகவேண்டும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டத் தெரியும், அதில் அவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் கதவு திறந்ததும் பழக்கதோஷத்தில், "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிடுவார்கள். யாருக்காவது சரியில்லாமல்தானே இருக்கும்! உள்ளே போய், உட்கார்ந்து, உருகி ஜெபித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தெருமுனை திரும்பும்போதுதான், "ஐயையோ, ஓட்டுக் கேக்கலையே!" என்று நெற்றியில் அடித்துக்கொள்வார்கள். ஒருநாள் கவனிக்காமல், தங்கையை எதிர்த்து நிற்கிற குழாய்க்காரர் வீட்டுக் கதவையே தட்டிவிட்டார்கள். அவர் மனைவி, "இவருக்கு முட்டிவலி, நடக்கவே முடியல" என்றிருக்கிறார். விடுவார்களா? குழாய்க்காரரை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, முட்டியில் கை வைத்து, வியர்க்க வியர்க்க ஜெபித்துவிட்டு வந்தார்கள். மறுநாளிலிருந்து மனுஷன் தெருத் தெருவாக ஓடி ஓடி ஓட்டுக் கேட்டார். என் தங்கை அதைக் கேட்டு வேன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

வாக்குப்பதிவு நாள் வந்தது. மாதர் சங்கத் தலைவியை நாங்கள் உபவாச அம்மா என்போம். நல்ல மனசு, நெருப்பு விசுவாசம், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். "நம்ம பொண்ணு ஜெயிக்க விடியற்காலையிலிருந்து உபவாச ஜெபம். போன் எல்லாம் வாசல்ல கூடையில போடுங்க. ஜெபம் முடியற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது" என்று அறிவித்துவிட்டார். அதனாலென்ன, ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை, பிறகு எல்லோரும் போய் ஓட்டைக் குத்திவிட்டு வரலாம் என்று நானும் நினைத்தேன். சபை நிரம்பி வழிந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள், இதுவரை வாசல் மிதிக்காதவர்கள், பிரசாரத்தில் ஜெபம் பெற்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தங்கைக்கு உயிரைக் கொடுக்கக்கூடியவர்கள் அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழே கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். தங்கை மட்டும் பள்ளிக்கூடத்தில், வாக்குச்சாவடிக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

போதகர் ஆரம்பித்தார்.

இத்தனை வருஷம் அவர் ஜெபித்ததைக் கேட்டிருக்கிறேன். அன்று ஜெபித்ததுபோல் கேட்டதில்லை. மேடையில் யாருக்கும் ஓட்டுக் கேட்கமாட்டேன் என்றவர், ஆண்டவரிடம் மொத்த நகரசபையையும் எடுத்து வைத்தார். "சாலைகளை உம்முடைய கரத்தில் தருகிறோம், ஆமென். குப்பை வண்டியைக் காலாகாலத்தில் அனுப்பும், ஆமென். தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறவர்களுக்கு நல்ல சரீர சுகம் தாரும், ஆமென்." குழாய்க்காரரையும் விடவில்லை, அவர் முட்டியையும் விடவில்லை. "என் மனைவி" என்று சொல்ல வந்தபோதெல்லாம் தொண்டை அடைத்து, அந்த இடத்தைத் தாண்டி வேறு துறைக்குப் போய்விடுவார். தெருவிளக்கு, மயானம், நாய்த்தொல்லை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி "என் மனைவி" என்று வருவார். மறுபடி அடைக்கும். எனக்குப் புரிந்தது. போடாத ஓட்டுக்கெல்லாம் சேர்த்து மனுஷன் ஜெபத்தில் ஈடு கட்டிக்கொண்டிருந்தார்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானம் தாண்டியது. அவர் கை கண்ணாடிப் பக்கமே போகவில்லை.

நான் ஆர்கன் முன்னால் விரலைக் கட்டைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை எட்டிப் பார்த்தது. என் வீட்டுக்காரர். எலெக்ட்ரீஷியன், அன்றைக்குத் தங்கைக்குச் சாவடி ஏஜென்ட். ஜெபம் நடக்கும்போது உள்ளே வரப் பயம். ஆட்காட்டி விரலைக் காட்டினார், இரண்டு கையையும் விரித்தார், வயிற்றைத் தடவினார், வானத்தைக் காட்டினார். பசிக்கிறது, வீட்டில் சாப்பாடு எங்கே என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்துக் கண்ணாலேயே ஒரு முறை முறைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு காலி நாற்காலி ஒன்றைத் தூக்கிக் காட்டி, அதன்மேல் ஒருவரும் இல்லை என்று கையை ஆட்டி, சபையில் இருக்கிறவர்களை எல்லாம் சுட்டி, விரலில் மை வைப்பதுபோல் செய்து காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை! எப்படிப் போடுவார்கள்? எல்லோரும்தான் இங்கே அவள் ஜெயிக்கவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்களே! ஐந்து மணிக்குச் சாவடி மூடிவிடும். சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியே தூறல் வேறு ஆரம்பித்தது.

போதகரைப் பார்த்தேன். கையை உயர்த்தி, கண்ணீர் வழிய, "கழிவுநீர் வாரியத்தை..." என்று ஆரம்பித்திருந்தார். வாரியம் பெரியது, சீக்கிரத்தில் முடியாது. இருமினேன். கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துச் சத்தம் செய்தேன். உபவாச அம்மா கண்ணைத் திறக்காமலே, "ஸ்தோத்திரம்!" என்றார். அவர் கண்ணாடியைத் தொடாமல் நான் ஒரு நாளும் கட்டையைத் தொட்டது கிடையாது. இது ஜெபம், விளையாட்டு இல்லை, ஒருவர் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. அங்கே மழையில் ஒருத்தி தனியாக நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் விரல் என் பேச்சைக் கேட்காது.

இரண்டு கையாலும் அழுத்தினேன். ஒலியை முழுதாகத் திருகிவிட்டேன்.

"ஆமென்!" என்று சபை முழுக்க ஒரே குரலில் எழுந்தது. சும்மாவா, காலையிலிருந்து காத்திருந்த ஆமென்! மாடப்புறாக்கள் படபடவென்று பறந்தன. தூங்கியவர்கள் முதலில் எழுந்தார்கள். நான் நிறுத்தாமல் கடைசிப் பாட்டின் முதல் அடியை எடுத்துக் கொடுத்தேன். வெறும் வயிற்றுத் தலைசுற்றலும் சந்தோஷமும் சேர்ந்து, எல்லோரும் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தார்கள்.

போதகர் உயர்த்திய கையை இறக்காமல் என்னைப் பார்த்தார். "அக்கா, நான் இன்னும் முடிக்கலையே..."

"ஆண்டவருக்கு எல்லாம் கேட்டுருச்சு மாப்பிள்ளை!" என்று பாட்டுக்கு மேலே கத்தினேன். "ஒருத்தரும் ஓட்டே போடல! எல்லாரும் இங்கதான் இருக்காங்க! அங்க உங்க பொண்டாட்டி தனியா நிக்கிறா!"

அவர் சபையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அவர் அங்கியைக் கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார், வேகமாக நடக்க ஆரம்பித்தார். வழக்கம்போல் அவர் முன்னால், சபை பின்னால். ஆனால் வாசலில் நின்று கைகுலுக்கவில்லை. நேரே தெருவில் இறங்கி, பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். போன் கூடையை ஒருத்தி தலையில் தூக்கிக்கொண்டு வர, அதற்குள் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அடித்தன. சக்கரநாற்காலித் தாத்தா, "இன்னும் வேகமாத் தள்ளுங்கடா!" என்று கூவினார். பசிமயக்கத்தில் யாருக்கும் பாட்டின் அடி ஞாபகம் இல்லை, முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடினார்கள். நான் ஆர்கனை மூடிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். பள்ளி முனையில் பெண் போலீஸ் ஒருவர் இரண்டு கையையும் நீட்டி மறித்தார்.

"ஊர்வலம் எல்லாம் இங்க கூடாது! என்ன கட்சி நீங்க?"

"கட்சி இல்லம்மா, சபை," என்றார் உபவாச அம்மா.

"எதுவா இருந்தாலும் கோட்டுக்கு உள்ள பாட்டு கூடாது."

பாடாமல் இருப்பது எங்களுக்குப் பழக்கமில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு போனோம். பொத்திய கைக்குள்ளேயே யாரோ முணுமுணுக்க, போலீஸ் அம்மாவுக்கே சிரிப்பு வந்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கை கோட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றாள். எங்களைப் பார்த்தாள். முன்னால் வருகிற அங்கியைப் பார்த்தாள். போதகர் அவளைத் தாண்டி, எல்லோரோடும் சேர்ந்து உள்ளே போய் வரிசையில் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டார். தங்கை முன்னால் வந்து நின்று, பரீட்சையில் தோற்ற பையன் கணக்காக, "என் பேரு இல்லியாம்" என்றார். "நான் சேக்கவே இல்லைல்ல."

தங்கைக்கு முதலில் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அந்த ஈரத்திலேயே குந்திவிட்டாள். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"இப்ப நான் என்னம்மா பண்றது?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளி வாசலைக் காட்டினாள். தூறல் வலுத்து, சாக்கடை வழக்கம்போல் வழிந்து, வாசல் குளமாகிக்கொண்டிருந்தது. வரிசையின் பின்பாதி இந்தக் கரையிலேயே தயங்கி நின்றது. "அவங்கள அந்தப் பக்கம் கொண்டுவிடுங்க. யாரு எவருன்னு பாக்காதீங்க."

போதகர் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகினார். செருப்பைக் கழற்றினார். நேரே அந்தக் கறுப்புத் தண்ணீரில் இறங்கி நின்றார். வயசானவர்களுக்குக் கை கொடுத்தார், கைக்குழந்தைகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார், சக்கரநாற்காலியை ஒரு பக்கம் என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம் அவருமாகத் தூக்கினார்கள். எங்கள் ஆட்களை மட்டுமா? குழாய்க்காரரின் ஆட்களையும்தான். கடைசியில் குழாய்க்காரரே வந்து கரையில் நின்று, புதுப் பளபள ஷூவையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார் போதகர்.

"சுத்தமா வலியே இல்ல பாஸ்டர்," என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

"நல்லது. இப்படி என் கழுத்தப் பிடிச்சுக்குங்க."

தன் குழாய் இல்லாத சாக்கடையை எதிராளியின் புருஷன் முதுகில் உட்கார்ந்து கடந்து போனார் குழாய்க்காரர். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை, சட்டம் இருக்கிறதே. எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் தங்கை ஜெயித்துவிட்டாள் என்று செய்தி வந்தது. தட்டுத்தடுமாறி இல்லை, நன்றாகவே ஜெயித்தாள். யாரும் சொல்லக் காத்திருக்காமல் ஜனங்கள் சபையில் வந்து நிரம்பினார்கள். கைத்தட்டல், விசில், தாத்தா சக்கரநாற்காலியிலேயே ஒரு சுற்று. தங்கை வேனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள். உபவாச அம்மா எழுந்து, "பாஸ்டர், நன்றி ஜெபம்!" என்றார். எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, இன்றைக்கு மத்தியானம் ஆகிவிடும் என்று தயாராகிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். தங்கையும் மூடிக்கொண்டாள்.

போதகர் மேடையில் நின்றார். சுத்தமான அங்கி, ஆனால் கால்நகத்தில் கறுப்பு இன்னும் போகவில்லை.

"ஆண்டவரே, நன்றி. ஆமென்," என்றார்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவுதானா? சபையில் ஒரு கண் திறக்கவேண்டுமே! இது மூச்சு வாங்குகிற ஆமென் என்று எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் விரல் கட்டைமேல் வந்துவிட்டது. அப்போதுதான் போதகர் மேடையிலிருந்து சத்தமில்லாமல் இறங்குவதைப் பார்த்தேன். முதல் வரிசைக்குப் போனார். என் தங்கை முன்னால் முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்தார். அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"அடுத்த தடவைக்குள்ள என் பேரச் சேத்துடுறேன்," என்றார். குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். பக்கத்தில் ஆர்கன் இருப்பதால் எனக்கும் கேட்டது.

"அடுத்த தடவையா? அப்பவும் நான் நிக்கணுமா?"

"நில்லு," என்றார் அவர். நேற்றைக்கு முந்தியே சொல்லியிருக்கவேண்டியதைச் சொல்ல முடியாமல் தவித்தவர், இப்போது நிறுத்த முடியாமல் மறுபடியும் சொன்னார். "நில்லும்மா. நில்லு."

அவள் அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சபை மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு பக்தியோடு காத்திருந்தது. உபவாச அம்மா உருகிப்போய், "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கண் மங்கலாகிவிட்டது, துடைத்துக்கொள்ளக் கை வேண்டியிருந்தது.

கட்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் எல்லோரும் ஜெபிக்கட்டும்.